எலும்பும் தோலுமா ஒரு குதிரை: பழைய சீனக் கவிதையில குதிரைன்னா யாரு?

சீனக் கவிதைகளை மொழிபெயர்ப்புல வாசிக்க ஆரம்பிச்ச புதுசுல எனக்கு ஒரு விஷயம் பிடிபடவே இல்ல. குதிரையைப் பத்தி எழுதுறாங்க, சரி, ஆனா ஏன் திரும்பத் திரும்ப ஒல்லிக் குதிரை, கிழக் குதிரை, சீக்குக் குதிரை, பாரவண்டி இழுக்கிற குதிரைன்னே வருது? போர்க்களம், ராஜா பவனின்னு எழுத எவ்வளவோ இருக்க, விலா எலும்பு தெரியிற குதிரை மேல இவங்களுக்கு என்ன அவ்வளவு பாசம்? கொஞ்ச நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது, அந்தக் குதிரைங்கிறது பெரும்பாலும் ஒரு மனுஷன், நல்லா படிச்ச, திறமை இருக்கிற, ஆனா யாரும் கூப்பிட்டு வேலை குடுக்காத ஒரு மனுஷன். நாம குடத்திலிட்ட விளக்குன்னு சொல்றோம்ல, அந்த இடத்துல அவங்க வெச்சிருக்கிறது உப்பு வண்டியில பூட்டின குதிரை. இது ஒண்ணு தெரிஞ்சா ஏகப்பட்ட கவிதை தானா புரிய ஆரம்பிக்கும், அதனால சீன இலக்கியமே தெரியாதவங்களுக்காக அடியில இருந்து எழுதுறேன்.

முதல்ல ஒரு பேரை மனசுல வெச்சுக்கங்க, போ லெ. கிமு 7ஆம் நூற்றாண்டுல ச்சின் நாட்டை ஆண்ட மன்னர் மூ காலத்துக் குதிரை நிபுணர்னு இவரைச் சொல்லுவாங்க. சொந்தப் பேரு சுன் யாங். போ லெங்கிறது தேவலோகக் குதிரைகளைப் பார்த்துக்கிறதா நம்பின ஒரு நட்சத்திரத்தோட பேரு, இவரு குதிரையைப் பார்த்த மாத்திரத்துல தரத்தைச் சொல்லிடுவாருங்கிறதால அந்தப் பேரே இவருக்கு ஒட்டிக்கிச்சு.

இவரைப் பத்தின ஒரு கதைதான் எல்லாத்துக்கும் வேரு. ஆயிரம் லி குதிரைன்னு ஒரு வகை சொல்லுவாங்க, ஒரே நாள்ல ஆயிரம் லி ஓடும், ஒரு லி சுமார் 400 மீட்டர், கணக்குப் போட்டா 400 கிலோமீட்டர் வருது, அப்பேர்ப்பட்ட குதிரை. அதைக் கொண்டுபோய் உப்பு வண்டியில பூட்டி தாய்ஹாங் மலை ஏத்தத்துல இழுக்க விட்டிருக்காங்க. குளம்பு விரிஞ்சு போச்சு, முட்டி மடங்குது, வால் வேர்வையில நனைஞ்சு கெடக்கு, தோலெல்லாம் புண்ணு, பாதி ஏத்தத்துல ஒரு அடி கூட எடுத்து வைக்க முடியாம நின்னுடுச்சு. அந்த வழியா வந்த போ லெ தன்னோட வண்டியில இருந்து இறங்கி அதைக் கட்டிப் பிடிச்சு அழறாரு, போட்டிருந்த மேலங்கியைக் கழட்டி அது மேல போத்துறாரு. குதிரை தலையைத் தாழ்த்தி மூச்சு விடுது, அப்புறம் நிமிர்ந்து ஒரு கனைப்பு கனைக்குது, அந்தச் சத்தம் உலோகத்துலயும் கல்லுலயும் தட்டினாப்ல வானம் வரைக்கும் போச்சாம். நம்மளை அறிஞ்ச ஒரு ஆள் வந்துட்டாரேன்னுதான் அந்தக் கனைப்பு.

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, போ லெ அதை வண்டியில இருந்து அவுத்து விட்டாருன்னு கதையில எங்கயும் இல்ல, கதை கனைப்போட நின்னுடுது, குதிரைக்கு விடிவு கிடைச்சதான்னு நமக்குத் தெரியாது, ஒருத்தர் பார்த்துட்டாருங்கிறது மட்டும்தான் நடந்துச்சு. இன்னொண்ணு, இந்தக் கதையைச் சொல்றவர் யாருங்கிறது. ச்சூ நாட்டுல சுன்ஷென் பிரபுன்னு ஒரு பெரிய மந்திரி, அவர் முன்னாடி நின்னு ஹான் மிங்னு ஒருத்தர் சொல்ற கதை இது. சொல்லிட்டு, நானும் ரொம்ப நாளா இப்படித்தான் கெடக்குறேன், ஒரு கனைப்பு கனைக்கிறதுக்கு எனக்கும் வாய்ப்பு தரக்கூடாதான்னு கேக்குறாரு. ஆக இது பொறந்ததே ஒரு வேலை விண்ணப்பமாத்தான்.

ஏன் குதிரை, புலியோ கழுகோ ஏன் இல்லன்னு கேட்டா, அங்கதான் விஷயமே இருக்கு. புலிக்கு யாரும் தேவையில்ல, அது தன் பாட்டுக்குக் காட்டுல ராஜா. குதிரையோட வேகம் வெளிய வரணும்னா ஒருத்தர் அதைப் பார்க்கணும், தீனி போடணும், சேணம் கட்டணும், ஏறி உட்காரணும். பழைய சீனாவுல படிச்சவனோட நிலைமையும் அச்சு அசல் இதேதான், அவனோட படிப்புக்கு மதிப்பான ஒரே இடம் அரசாங்க உத்தியோகம், தேர்வு எழுதணும், இல்லைன்னா பெரிய இடத்து ஆள் யாராவது சிபாரிசு பண்ணணும், அரசர் ஏத்துக்கணும். அந்தக் கதவு திறக்கலைன்னா அறிவெல்லாம் லாயத்துலயே கெடக்க வேண்டியதுதான். இன்னொரு காரணம், நல்ல குதிரை சீனாவுல ரொம்ப அரிதான பொருள். விவசாய பூமியில மேய்ச்சல் நிலம் கம்மி, உசந்த ஜாதிக் குதிரை மேற்கயும் வடக்கயும் இருந்துதான் வரணும். ஹான் பேரரசர் வூ, இன்னைக்கு ஃபெர்கானாங்கிற மத்திய ஆசியப் பகுதியோட 'ரத்தமா வேர்க்கிற' குதிரைகளுக்காக கிமு 104ல இருந்து 101 வரை ரெண்டு தடவை படையே அனுப்பியிருக்காரு. அவ்வளவு விலை உசந்த ஒண்ணைப் போய் உப்பு சுமக்க விட்டா பார்க்கிறவனுக்கு வயிறு எரியுமா எரியாதா, கவிஞனுக்கு வேண்டியது அந்த வயித்தெரிச்சல்தான்.

போ லெ கதைகள் இன்னும் இருக்கு. ஒருத்தன் நல்ல குதிரையைச் சந்தையில மூணு நாள் காலையில நிறுத்தி வெச்சும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல, போ லெ வந்து அதைச் சுத்தி ஒரு நடை நடந்து, போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டுப் போனாரு, அவ்வளவுதான், ஒரே காலையில விலை பத்து மடங்கு. குதிரை அதே குதிரைதான். இன்னொரு கதையில யான் நாட்டு அரசர் ஜாவோவுக்கு நல்ல ஆட்கள் வேணும், எப்படிக் கூட்டுறதுன்னு குவோ வெய்ங்கிறவர்கிட்ட கேக்குறாரு. குவோ வெய் சொல்றாரு, ஒரு ராஜா ஆயிரம் பொன் குடுத்து ஆயிரம் லி குதிரை வாங்க மூணு வருஷம் தேடினாரு, கிடைக்கல, அவரோட வேலையாள் போய் செத்துப் போன ஒரு குதிரையோட எலும்பை 500 பொன் குடுத்து வாங்கிட்டு வந்தான். ராஜாவுக்குக் கோவம். அவன் சொன்னான், செத்த குதிரைக்கே இவ்வளவு குடுக்கிறவர் உசிரோட இருக்கிறதுக்கு எவ்வளவு குடுப்பாருன்னு ஊரே பேசும் பாருங்க. ஒரு வருஷத்துக்குள்ள மூணு குதிரை வந்து சேர்ந்துச்சு. அந்த எலும்பா என்னை வெச்சுக்கங்கன்னாரு குவோ வெய். அரசர் அவருக்கு மாளிகை கட்டிக் குடுத்தாரு, அதுக்கப்புறம் யூயே யீ மாதிரி பெரிய தளபதிகள் தானா வந்தாங்க. பிற்காலக் கவிஞர்கள் 'எலும்பு வாங்கின அரசர்'னு ஏங்கி எழுதினா இந்தக் கதையைத்தான் சொல்றாங்கன்னு தெரிஞ்சுக்கங்க.

கவிதைக்குள்ள இது ரொம்பச் சீக்கிரமே வந்துடுச்சு. ச்சூ நாட்டுப் பாடல்கள்ங்கிற பழைய தொகுப்புல ச்சூ யுவான் பேர்ல வர்ற ஒரு பாட்டு, போ லெ செத்துட்டாரு, இனி குதிரையை யார் எடை போடுவாங்கன்னு கேக்குது. நாட்டை விட்டு விரட்டப்பட்டு ஆத்துல விழுந்து உயிரை விட்டதா சொல்ற கவிஞர் அவரு. அவருக்கு இரங்கல் எழுதின ஜியா யீ, கிமு 2ஆம் நூற்றாண்டுக்காரர், நொண்டிக் கழுதையைத் தேர்ல பூட்டிட்டு நல்ல குதிரையைக் காது தொங்கத் தொங்க உப்பு வண்டி இழுக்க விட்டாங்களேன்னு புலம்புறாரு. ஜியா யீயும் தலைநகரத்துல இருந்து தூரத்துக்குத் தூக்கி அடிக்கப்பட்ட ஆள்தான், ச்சூ யுவானுக்கு அழற சாக்குல தனக்கும் சேர்த்து அழுதிருக்காரு. அரசரை நேராக் குத்தம் சொன்னா தலை போயிடும், குதிரையைப் பத்திப் பேசினா யார் என்ன சொல்ல முடியும்?

இதை எல்லாம் விடத் தெளிவா சொன்னது கவிதை இல்ல, ஒரு சின்ன உரைநடை, தாங் காலத்து ஹான் யூ (768–824) எழுதினது, சீனாவுல இன்னைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைங்க படிக்கிறாங்க. அது இப்படி ஆரம்பிக்குது: உலகத்துல போ லெ இருந்தாத்தான் ஆயிரம் லி குதிரை இருக்கும். ஆயிரம் லி குதிரை எப்பவும் உண்டு, போ லெதான் எப்பவும் இருக்கிறதில்ல. முதல் வரியே தலைகீழா இருக்கு பாருங்க, குதிரை முதல்லயே இருக்கும், நிபுணர் அப்புறம் வருவாருன்னுதான நாம நினைப்போம். இல்ல, கண்டுபிடிக்கிற ஆள் இல்லைன்னா அது வெறும் குதிரையாவே மத்த குதிரைங்களோட தொட்டியடியில செத்துப் போயிடும், ஆயிரம் லிங்கிற பேரே அதுக்குக் கிடைக்காதுங்கிறாரு.

அதுக்கப்புறம் தீனியைப் பத்திப் பேசுறாரு பாருங்க, என்னை உலுக்கினது அந்த இடம்தான். ஆயிரம் லி ஓடுற குதிரை ஒரு வேளைக்கு ஒரு மூட்டை தானியம் தின்னும், ஆனா தீனி போடுறவனுக்கு இது யாருன்னு தெரியாது, மத்ததுக்குப் போடுற அளவே இதுக்கும் போடுறான், வயிறு நிறையல, தெம்பு இல்ல, அதோட அழகு வெளிய தெரியல, சாதாரணக் குதிரை அளவுக்குக் கூட ஓட முடியல. திறமைசாலி சராசரிக்கும் கீழ தெரியிறதுக்கு இதை விட நேரடியான விளக்கம் நான் எங்கயும் படிச்சதில்ல. கடைசியில எசமான் சாட்டையோட அது முன்னாடியே நின்னுக்கிட்டு, உலகத்துல நல்ல குதிரையே இல்லப்பாங்கிறான். ஐயோ, நெஜமாவே குதிரை இல்லையா, இல்ல குதிரையைப் பத்தித் தெரியலையான்னு கேட்டு முடிக்கிறாரு ஹான் யூ. இது அனுபவப்பட்டவர் எழுத்து. பெரிய தேர்வுல மூணு தடவை தோத்து நாலாவது தடவை 792ல பாஸ் பண்ணினவர், அதுக்கு மேல பதவி கிடைக்கிறதுக்கான தேர்வுல மறுபடியும் தோல்வி. 795ல மந்திரிகளுக்குக் கடிதம் எழுதினாரு, பதில் இல்ல, 19 நாள் கழிச்சு இன்னொண்ணு, அப்புறம் 29 நாள் கழிச்சு மூணாவது, எதுக்கும் பதில் வரல. அந்த நாள் கணக்கு அவரோட கடிதத் தலைப்புலயே இருக்கு.

இப்ப து ஃபூவுக்கு வரேன், என்னைக் கேட்டா குதிரைக் கவிதையில இவரை மிஞ்ச ஆள் இல்ல. 712ல பொறந்தவர். இளமையில எழுதின ஒரு குதிரைக் கவிதையில காது ரெண்டும் மூங்கிலைச் சீவின மாதிரி நிக்குது, நாலு குளம்புலயும் காத்து புகுந்து லேசா இருக்கு, இதை நம்பி உயிரையே ஒப்படைக்கலாம்ங்கிறாரு, அவ்வளவு நம்பிக்கை. அப்புறம் வாழ்க்கை வேற மாதிரி போச்சு. 747ல அரசர் ஒரு சிறப்புத் தேர்வு வெச்சாரு, ஏதாவது ஒரு கலையில தேர்ந்தவங்க எல்லாரும் வரலாம்னு, து ஃபூவும் எழுதினாரு. முதல் மந்திரி லி லின்ஃபு ஒருத்தர் விடாம எல்லாரையும் ஃபெயில் பண்ணிட்டு, வெளிய திறமைசாலி ஒருத்தரும் மிச்சம் இல்லை, எல்லாரும் ஏற்கெனவே உங்ககிட்டதான் வேலை பார்க்கிறாங்கன்னு அரசருக்கு வாழ்த்துச் சொன்னாரு. ஹான் யூ சொன்ன 'உலகத்துல குதிரையே இல்ல' அப்படிங்கிற அந்த வரி, அவர் எழுதுறதுக்கு அம்பது வருஷம் கிட்ட முன்னாடியே து ஃபூவோட வாழ்க்கையில நடந்துடுச்சு.

அப்புறம் ஆன் லுஷான்ங்கிற தளபதி கலகம் பண்றாரு, நாடே சிதறுது, து ஃபூ புது அரசர்கிட்ட போய்ச் சேர்ந்து சின்னதா ஒரு பதவி வாங்குறாரு, அரசருக்குத் தப்பை எடுத்துச் சொல்றதுதான் அந்தப் பதவியோட வேலையே. பதவி போன ஒரு மந்திரிக்காகப் பரிஞ்சு பேசினாரு, அரசருக்கு ஆகல, 758ல வெளியூருக்கு மாத்திட்டாங்க. அந்தச் சமயத்துலதான் 'ஒல்லிக் குதிரை' கவிதை வருதுன்னு பொதுவா சொல்லுவாங்க. கிழக்குப் புறநகர்ல ஒரு ஒல்லிக் குதிரையைப் பார்த்தேன், மனசு வலிக்குதுன்னு ஆரம்பிக்குது. எலும்பெல்லாம் துருத்திக்கிட்டு சுவர் மாதிரி நிக்குது. காலைக் கட்டப் போனா அசையப் பார்த்து ஒரு பக்கமா சாயுது, இன்னும் துள்ளி ஓடணும்ங்கிற எண்ணமான்னு கேக்குறாரு. கிட்டப் போய் உத்துப் பார்த்தா உடம்புல ஆறு முத்திரை, அதுல அரசாங்கம்ங்கிற எழுத்தும் இருக்கு, ராணுவத்துக் குதிரை, ரோட்டோரத்துல விட்டுட்டுப் போயிட்டாங்க. தோல் காய்ஞ்சு உரிஞ்சு சேறு அப்பிக் கெடக்கு, மயிரெல்லாம் மங்கிப் போய்ப் பனி படிஞ்சிருக்கு.

அதுக்கப்புறம் ஒரு வரி வருது, மண்ணாங்கட்டி ஒண்ணைத் தாண்டும்போது ஒரு தடவை கால் தடுக்கிடுச்சு, அதுக்காக உன்னைத் தூக்கிப் போடுவாங்கன்னு நீ எப்படி முன்கூட்டியே காப்பாத்திக்க முடியும்னு அந்தக் குதிரைகிட்டயே சொல்றாரு. ஒரே ஒரு தடுக்கல். அரசர்கிட்ட ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தது ஞாபகம் வருதா? கவிதையில அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஆளைப் பார்த்தா முறையிடுற மாதிரி பார்க்குது, எசமான் போனதுல இருந்து கண்ணுல ஒளி இல்ல. குளிர்ல தூரமா விட்டுட்டாங்க, காட்டு வாத்துங்கதான் துணை. பொழுது சாஞ்சும் ஓட்டிட்டுப் போக ஆள் இல்ல, காக்கா வந்து புண்ணைக் கொத்துது. நான் இதை ராத்திரி பஸ்ல போன்ல வாசிச்சேன், காக்கா வர்ற வரிக்கு மேல போக முடியாம போனை அணைச்சு மடியில வெச்சுட்டேன். முடிவுல கேக்குறது ரொம்பச் சின்னது, யாராவது ஒரு வீட்டுல இதைக் கொஞ்ச நாள் வெச்சு வளருங்க, அடுத்த வருஷம் வசந்தத்துல புல் முளைச்சதும் இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க. மாளிகையும் கேக்கல, ஆயிரம் பொன்னும் கேக்கல.

லி ஹெ (790–816) கதை இதை விடக் கொடுமை. எழுதின வயசுக்கே நம்ப முடியாத கவிஞர், ஆனா பெரிய தேர்வு எழுதவே விடல. காரணம் என்னன்னா, அப்பா பேர்ல இருக்கிற 'ஜின்'ங்கிற சத்தமும் 'ஜின்ஷி'ங்கிற தேர்வோட பேர்ல இருக்கிற சத்தமும் ஒண்ணா இருக்கு, அப்பா பேரைச் சொல்றது மரியாதைக் குறைவு, அதனால மகன் அந்தப் பட்டம் வாங்கக் கூடாதாம். அவருக்காக வக்காலத்து வாங்கி எழுதினது யாருன்னா அதே ஹான் யூதான். அப்பா பேரு 'ரென்'னு இருந்தா மகன் மனுஷனாவே இருக்கக் கூடாதான்னு கேட்டாரு, சீனத்துல மனுஷனுக்கும் ரென்தான். கேட்டும் பிரயோஜனம் இல்ல, சடங்கு நடத்துற சின்ன உத்தியோகம் ஒண்ணுதான் கிடைச்சுது, இருபத்தஞ்சு இருபத்தாறு வயசுலயே போய்ச் சேர்ந்துட்டாரு. இவரு பொறந்தது சீனப் பஞ்சாங்கப்படி குதிரை வருஷம். 23 குதிரைக் கவிதை எழுதியிருக்காரு, ஒவ்வொண்ணும் நாலே வரி. அதுல நாலாவது:

இந்தக் குதிரை சாதாரணக் குதிரையில்லை,
ஃபாங் நட்சத்திரமே இதன் பிறப்பிடம்.
முன்னே போய் இதன் மெலிந்த எலும்பைத் தட்டு,
இன்னும் செம்பின் ஓசை கேட்கும்.

ஃபாங்ங்கிறது விருச்சிகத்தோட தலைப் பக்கம் இருக்கிற நட்சத்திரங்கள், சீனாவுல அதைத் தேவலோகத் தேர்க் குதிரைகள்னு சொல்லுவாங்க, நாம அனுஷம்னு சொல்றதும் அதே இடம்தான். ஆனா கவிதை நிக்கிறது மூணாவது வரியில. பார்த்தாத் தெரியாது, தட்டிப் பார்க்கணும்ங்கிறாரு. கண்ணுக்குத் தெரியிறது எலும்பும் தோலும், கிட்டப் போய்த் தட்டுறவனுக்குத்தான் உள்ள இருக்கிற உலோகம் கேக்கும். உப்பு வண்டிக் குதிரையோட கனைப்பும் உலோகச் சத்தம்தான்னு முன்னாடி பார்த்தோம்ல, அந்தச் சத்தம் இங்க எலும்புக்குள்ள இறங்கி உக்காந்திருக்கு. லி ஹெயே ஒல்லியா, புருவம் ரெண்டும் சேர்ந்து, நீள நகத்தோட இருப்பாராம். தினமும் ஒரு கழுதை மேல ஏறி, கிழிஞ்ச பழைய பட்டுப் பையோட சுத்துவாரு, தோணுற வரியை எழுதி அந்தப் பையில போட்டுக்குவாருன்னு பிற்காலக் கவிஞர் லி ஷாங்யின் எழுதி வெச்சிருக்காரு.

அந்த 23ல கடைசிக் கவிதையில லி ஹெ இன்னொரு பக்கத்தையும் காட்டுறாரு. பேரரசர் வூ சாகா வரத்துக்கு ஆசைப்பட்டு பொன்னைக் காய்ச்சினாரு, கிடைச்சது ஊதாப் புகைதான், லாயத்துல இருக்கிறதெல்லாம் கறிக் குதிரைங்க, அதுங்களுக்கு வானத்துக்கு ஏறத் தெரியாதுன்னு. லி ஹெ காலத்து அரசரும் சாகா வரம் தேடினவர்தான், அதனால இது அவருக்குன்னே பலரும் வாசிக்கிறாங்க. கொழுத்தது எல்லாம் உள்ள, எலும்புல ஓசை இருக்கிறது வெளிய. கறி, எலும்புங்கிற இந்தப் பிரிவை து ஃபூவும் சொல்லியிருக்காரு, ஹான் கான்ங்கிற பேர்போன ஓவியரைப் பத்தி, இவர் கறியைத்தான் வரையிறாரு எலும்பை வரையலன்னு. எனக்கு அது கொஞ்சம் அநியாயமாத்தான் படுது, ஹான் கான் வரைஞ்சதா சொல்ற வெள்ளைக் குதிரை ஒண்ணு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல இருக்கு, கட்டிப் போட்ட கம்பத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கிற அதோட கண்ணைப் பார்த்தா யாருக்கும் அப்படிச் சொல்லத் தோணாது.

எல்லாக் குதிரையும் அழுதுக்கிட்டே இருக்குன்னு நினைச்சுடாதீங்க. ட்ஸாவ் ட்ஸாவ்ங்கிற தளபதி 207ல, அம்பது வயசு தாண்டின பிறகு எழுதினது: கிழக் குதிரை லாயத்துல படுத்திருக்கு, மனசு ஆயிரம் லிக்கு அப்பால இருக்கு. இவருக்கு அங்கீகாரம் இல்லாம இல்ல, அதிகாரமே இவர்தான், இங்க எதிரி வயசு. பின்னால வந்த வாங் துன்ங்கிற தளபதி குடிச்சா இந்த வரிகளைப் பாடிக்கிட்டே கையில இருந்த கோலால எச்சில் துப்புற படிக்கத்தைத் தட்டித் தாளம் போடுவாராம், தட்டித் தட்டி அதோட விளிம்பெல்லாம் சில்லுச் சில்லா போயிடுச்சுன்னு சொல்லுவாங்க. ஜுவாங் ட்ஸுங்கிற பழைய தத்துவ நூல்ல போ லெயையே திட்டியிருக்கு, சூடு போட்டு, குளம்பைச் செதுக்கி, பட்டினி போட்டுப் பழக்கி பாதிக் குதிரையைக் கொன்னவன்தான அவன், அதுங்களை மேய விட்டிருந்தா சந்தோஷமா இருந்திருக்கும்னு. எனக்கு அந்த வாதம் பிடிச்சிருந்தாலும், மேயப் புல்லே இல்லாத து ஃபூ குதிரைகிட்ட போய் இதைச் சொல்ல முடியாது.

இந்தக் குதிரை ரொம்ப காலம் ஓடிச்சு. 1839ல கூட, உத்தியோகத்தை விட்டுட்டு ஊர் திரும்பின கோங் ட்ஸிஜென், பத்தாயிரம் குதிரையும் வாயடைச்சு நிக்குதே, வானத்தரசே, ஒரே அச்சுல வார்க்காம விதவிதமா திறமைசாலிகளை அனுப்புன்னு எழுதினாரு. உப்பு வண்டிக் குதிரை ஒரு கனைப்பாவது கனைச்சுது, இங்க அதுவும் இல்ல. இன்னைக்குச் சீனப் பேச்சுல ஒருத்தர் திறமையைக் கண்டுபிடிச்சு மேல கொண்டு வந்தவரைப் போ லென்னே சொல்றாங்க.

கடைசியா ஒரு படம். 1279ல சோங் ஆட்சி மங்கோலியர்கிட்ட முழுசா வீழ்ந்துச்சு, பழைய ஆட்சியில வேலை பார்த்த கோங் காய்ங்கிற ஓவியர் புது அரசுல சேரல, வறுமையில இருந்தாரு. மேசை கூட இல்லாம மகனைக் குனிய வெச்சு அவன் முதுகுல காகிதத்தை விரிச்சு வரைவாருன்னு சொல்லுவாங்க. அவர் வரைஞ்ச ஒல்லிக் குதிரை இப்ப ஜப்பான்ல ஒசாகா நகர அருங்காட்சியகத்துல இருக்கு. தலை தொங்கி, விலா எலும்பு ஒண்ணொண்ணா தெரியிற குதிரை. அதுல அவரே எழுதி வெச்சிருக்காரு, சாதாரணக் குதிரைக்குப் பத்து விலா எலும்பு, ஆயிரம் லி குதிரைக்கு மட்டும்தான் பதினஞ்சு, அதைக் காட்டணும்னா குதிரையை ஒல்லியாத்தான் வரையணும்னு. அதாவது அது ஒல்லியா இருக்கிறதாலதான் எப்பேர்ப்பட்ட குதிரைன்னு நம்மால எண்ணிப் பார்க்க முடியுது. கூடவே நாலு வரி:

மேகமும் மூடுபனியும் சூழ வான வாசலிலிருந்து இறங்கி வந்தது,
முந்தைய அரசின் பன்னிரண்டு லாயங்களும் இன்று வெறுமை.
இந்த மெலிந்த எலும்புக்கு இரங்க இன்று யார் இருக்கிறார்?
சாயும் வெயிலில், மணற்கரையில், மலை போல் கிடக்கிறது அதன் நிழல்.